வங்கி எவ்வளவு தரும்? நம் குடும்பம் எவ்வளவு தாங்கும்?

கொல்கத்தாவில் சொந்த வீடு வேண்டும் என்ற ஆசை நம் மக்களிடம் வளர்ந்து வருகிறது. நியாயமான ஆசைதான். பிழைப்புத் தேடி வந்த முதல் தலைமுறை, "இன்னும் பத்து வருஷம், பிறகு ஊரோடு போய்விடலாம்" என்று சொல்லிக்கொண்டே வாடகை வீட்டில் காலம் தள்ளியது. லேக் மார்க்கெட் பக்கமும் காளிகாட்டிலும் பேஹாலாவிலும் கார்டன் ரீச்சிலும் ஓர் அறை, ஒரு பொதுக் குழாய் என்று குடும்பம் நடத்தியது. பிள்ளைகள் இங்கேயே படித்தார்கள்; வங்காள மொழி பேசி வளர்ந்தார்கள்; இங்கேயே வேலை தேடிக்கொண்டார்கள். ஊர் திரும்புவது பலருக்கு இனி நடக்கிற காரியம் இல்லை. ஆகவே வீடு கேட்கிறோம்.

வீடு என்றால் கடன். சங்கத்துக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "என் சம்பளத்துக்கு எவ்வளவு லோன் கிடைக்கும்?" என்பதுதான். இதற்குப் பதில் சொல்வது சுலபம். வங்கி வாசலில் நிற்கும் ஏஜெண்ட் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. "என் குடும்பத்தால் எவ்வளவு கட்ட முடியும்?" இந்த இரண்டு கேள்விக்கும் ஒரே விடை வருவதில்லை. இரண்டு விடைக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தில்தான் உழைக்கும் குடும்பங்கள் விழுகின்றன. எனவே இரண்டு கணக்கையும் இங்கே போட்டுப் பார்ப்போம். பெரிய படிப்பு தேவையில்லை. பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் போதும்.

வங்கியின் கணக்கு

வங்கி முதலில் பார்ப்பது சம்பளச் சீட்டு. கைக்கு வரும் சம்பளத்தில் பொதுவாக 40 முதல் 50 சதம் வரை மாதத் தவணைக்குப் போகலாம் என்று அது வைத்துக்கொள்கிறது. சம்பளம் கூடக்கூட இந்த விகிதமும் கூடும். அதில் ஏற்கனவே கட்டிவரும் கடன் தவணைகளைக் கழிக்கும். மிச்சம் எதுவோ, அதுதான் புதுக் கடனுக்கான தவணை.

அடுத்து வயதைப் பார்க்கும். எத்தனை ஆண்டில் கட்டி முடிக்கலாம் என்று நிர்ணயிக்கும். பிறகு வட்டி விகிதத்தை வைத்து, ஒரு லட்சத்துக்கு மாதம் எவ்வளவு என்று பார்த்து வகுக்கும்.

இந்த ஒரு லட்சக் கணக்கை நம் வீட்டுச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம். வட்டி 9 சதம் என்று வைத்தால், ஒரு லட்சம் கடனுக்கு மாதத் தவணை 10 ஆண்டுக்கு 1,267 ரூபாய். 15 ஆண்டுக்கு 1,014 ரூபாய். 20 ஆண்டுக்கு 900 ரூபாய். 30 ஆண்டுக்கு 805 ரூபாய். 20 ஆண்டை 30 ஆண்டாக நீட்டினால் மாதம் 95 ரூபாய் குறைகிறது. ஆனால் மொத்தத்தில் லட்சத்துக்கு 73 ஆயிரம் ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கட்டுகிறோம். "தவணையைக் குறைத்துத் தருகிறோம்" என்று ஏஜெண்ட் சொல்லும்போது அவர் எதைக் கூட்டுகிறார் என்பது இப்போது தெரியும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவருக்கு வயது 44. தனியார் கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. கைக்கு வருவது 45,000 ரூபாய். ஓய்வு வயது 60. அதற்குப் பின் சொல்லிக்கொள்ளும்படியான பென்ஷன் கிடையாது. மனைவி வீட்டில் இட்லி மாவு அரைத்துக் கொடுத்தும் துணி தைத்தும் மாதம் 8,000 சம்பாதிக்கிறார். அதற்கு ரசீது எதுவும் இல்லை. கூட்டுறவுச் சங்கக் கடனுக்கு மாதம் 4,500 போகிறது.

வங்கி 45,000இல் பாதியை, அதாவது 22,500ஐ எடுக்கும். 4,500ஐக் கழிக்கும். மிச்சம் 18,000. பதினைந்து ஆண்டு என்றால், 18,000ஐ 1,014ஆல் வகுக்க, ஏறக்குறைய 17 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய் கடன். சில வங்கிகள் 60 வயதைத் தாண்டி 70 வரைகூடத் தவணையை நீட்டுகின்றன. இருபது ஆண்டு என்றால் 18,000ஐ 900ஆல் வகுக்க, சரியாக 20 லட்சம்.

மனைவியின் 8,000 ரூபாயை வங்கி கணக்கில் சேர்க்கவில்லை. ரசீது இல்லாத உழைப்பு அதன் கண்ணுக்குத் தெரியாது. அதே போல, ஊருக்கு அனுப்பும் பணத்தையும் வங்கி கழிக்கவில்லை. அதற்கும் சீட்டு இல்லை. நம் வீட்டில் வருவதும் சரியாகத் தெரியாது, போவதும் சரியாகத் தெரியாது. இந்த நிலையில் வங்கி சொல்லும் 20 லட்சம் நம் சக்திக்கு அளவுகோல் ஆகுமா?

வீட்டு விலை என்ற இரண்டாவது வேலி

சம்பளத்தை வைத்துப் போட்ட கணக்கு ஒரு வேலி. வீட்டின் மதிப்பு இன்னொரு வேலி. இரண்டில் எது குறைவோ அதுதான் கடன். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சம் வரையான கடனுக்கு வீட்டு மதிப்பில் அதிகபட்சம் 90 சதமும், 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 சதமும், அதற்கு மேல் 75 சதமும்தான் தரலாம். மீதி நம் கைப்பணம்.

22 லட்சத்துக்கு ஒரு பிளாட் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 90 சதம் கிடைத்தாலும் 2 லட்சத்து 20 ஆயிரம் நாம் போட வேண்டும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் நகர எல்லைக்குள் சேர்த்து 7 சதம் என்று பார்த்தால் இன்னும் 1 லட்சத்து 54 ஆயிரம். வீட்டு மதிப்பில் இந்தச் செலவைச் சேர்க்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012இல் சொல்லிவிட்டது. 10 லட்சத்துக்கு மேற்படாத வீட்டுக்கு மட்டும் 2015இல் விலக்கு வந்தது. கொல்கத்தாவில் 10 லட்சத்துக்குள் பிளாட் எங்கே இருக்கிறது? வக்கீல் கட்டணம், வங்கியின் பரிசீலனைக் கட்டணம், மின்சார மீட்டர், குடிபோகும் செலவு எல்லாம் சேர்த்தால் கையில் ரொக்கமாக நாலே முக்கால் லட்சமாவது வேண்டும்.

போதாக்குறைக்குப் பிரமோட்டர் ஒரு பகுதியை ரொக்கமாகக் கேட்பார். 22 லட்சத்தில் 6 லட்சத்தைக் கையில் கொடுத்து, பத்திரத்தில் 16 லட்சம் எழுதச் சொன்னால், வங்கி 16 லட்சத்துக்குத்தான் கடன் தரும். அதில் 90 சதம் 14 லட்சத்து 40 ஆயிரம். மிச்சம் 7 லட்சத்து 60 ஆயிரம் நம் தலையில். முத்திரைச் செலவில் கொஞ்சம் மிச்சம் என்று ஆசை காட்டி, நம்மைக் கந்துவட்டிக்காரர் வீட்டுக்கு அனுப்பும் வழி இது. பிரமோட்டர் ஏமாற்றினால், அந்த 6 லட்சத்துக்கு நம் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது.

கந்துவட்டியில் மூன்று பைசா வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய்; ஆண்டுக்கு 36 சதம். 2 லட்சம் வாங்கினால் வட்டி மட்டுமே மாதம் 6,000. வங்கியின் தாளில் தவணை 18,000. வீட்டின் உண்மைத் தவணை 24,000. பல குடும்பங்கள் வீட்டுக்கடனில் மூழ்குவதாக வெளியே தெரிகிறது. உள்ளே போய்ப் பார்த்தால், வீட்டுக்கடனுக்குப் பக்கத்தில் வாங்கிய இந்த ரகசியக் கடனில்தான் மூழ்கியிருக்கும். கைப்பணத்துக்கு வழி இல்லாமல் வீட்டுக்கடனுக்கு மனுப் போடக்கூடாது என்பதை முதல் விதியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

நம்முடைய கணக்கு

இப்போது அதே குடும்பத்தின் கணக்கை நாம் போடுவோம். புலம்பெயர்ந்த குடும்பத்துக்கு அடுப்பு இரண்டு. ஒன்று இங்கே எரிகிறது. இன்னொன்று ஊரில் அம்மா அப்பா வீட்டில் எரிகிறது. இரண்டுக்கும் விறகு ஒரே சம்பளத்தில் இருந்துதான். வங்கியின் விண்ணப்பத் தாளில் இரண்டாவது அடுப்புக்குக் கட்டம் இல்லை.

வருமானம், மனைவியின் உழைப்பையும் சேர்த்து 53,000. செலவு: சாப்பாடு 14,000. ஊருக்கு அனுப்புவது 6,000. பிள்ளைகள் படிப்பு 5,000. மின்சாரம், போக்குவரத்து, மருந்து, போன் 6,000. கூட்டுறவுச் சங்கத் தவணை 4,500. ஆண்டுக்கு ஒரு தடவை கோரமண்டலில் ஊர் போய்வருவது, சீர், காதுகுத்து, கல்யாணம் இவற்றுக்கு மாதம் ஒதுக்குவது 3,000. நோய் நொடிக்கு 2,000. ஆக 40,500. இதோடு இப்போதைய வாடகை 7,000. மொத்தம் 47,500. மிச்சம் 5,500.

சொந்த வீடு வந்தால் வாடகை 7,000 நின்றுவிடும். ஆனால் பராமரிப்புக் கட்டணம், கார்ப்பரேஷன் வரி, சின்னப் பழுது என்று மாதம் 2,000 புதிதாக வரும். எனவே இந்தக் குடும்பம் கட்டக்கூடிய தவணை: மாதச் சேமிப்பு 5,500, கூட்டல் வாடகை 7,000, கழித்தல் 2,000. விடை 10,500. வங்கி சொன்னது 18,000.

சேமிப்போடு வாடகையைக் கூட்டு. சொந்த வீட்டின் புதுச் செலவைக் கழி. நம் வீட்டுக்கணக்கின் சூத்திரம் இவ்வளவுதான்.

ஆண்டு எத்தனை? வேலை இருக்கும் ஆண்டு மட்டும்தான். 44 வயதுக்காரருக்கு 15 ஆண்டு. 20 ஆண்டு எடுத்தால், அறுபதுக்குப் பிறகு சம்பளம் இல்லாத 48 மாதம், மாதம் 18,000 வீதம், 8 லட்சத்து 64 ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும். எங்கிருந்து? வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் அதில் கரையும். அதன்பின் அந்தப் பாரம் மகன் தோளுக்கு மாறும். 10,500ஐ 1,014ஆல் வகுத்தால் 10 லட்சத்து 35 ஆயிரம். இதுவும் முடிந்த கணக்கு இல்லை. வட்டி ஏறுவதற்கு இடம் விட வேண்டும்.

வட்டி ஏறும்போது

இன்றைய வீட்டுக்கடன்களில் பெரும்பாலானவை மாறும் வட்டி. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக்கடன், ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் போன்ற வெளி அளவோடு கட்டப்பட்டிருக்கிறது. அது ஏறினால் நம் வட்டியும் ஏறும். 2022 மே மாதத் தொடக்கத்தில் ரெப்போ 4 சதம். 2023 பிப்ரவரியில் 6.5 சதம். ஒரு வருஷத்துக்குள் இரண்டரை சதம் ஏறியது. 2025இல் படிப்படியாக இறங்கியது. மறுபடி ஏறாது என்று யாரும் எழுதிக் கொடுக்கப் போவதில்லை.

இரண்டரை சதம் என்ன செய்துவிடும்? 20 லட்சம் கடன், 20 ஆண்டு, 7 சத வட்டி என்றால் தவணை சுமார் 15,500. கடன் வாங்கிய சூட்டோடு வட்டி 9.5 சதம் ஆகிறது என்று வையுங்கள். 20 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி மட்டுமே 15,833. தவணை மாறாமல் 15,500 கட்டினால் வட்டியே முழுதாகத் தீரவில்லை. மாதாமாதம் தவறாமல் கட்டுகிறோம், அசலோ ஏறுகிறது! அப்போது வங்கி தவணையைக் கூட்டும். அல்லது ஆண்டை நீட்டும். அல்லது இரண்டையும் செய்யும். பலருக்குச் சொல்லாமலே ஆண்டை நீட்டிவிட்டார்கள் என்ற புகார் எழுந்த பின்புதான், 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஓர் ஆணை போட்டது. வட்டி மாறும்போது, தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, நிலையான வட்டிக்கு மாறுவதா என்பதைக் கடன்காரர் தேர்ந்தெடுக்க வாய்ப்புத் தர வேண்டும் என்றது. இந்த உரிமை நமக்கு உண்டு என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே நாம் கணக்குப் போடும்போதே வட்டியை இரண்டு சதம் கூட்டிப் பார்க்க வேண்டும். 11 சதத்தில் 15 ஆண்டுக்கு லட்சத்துக்கு 1,137 ரூபாய். 9 லட்சம் கடனுக்கு 10,230. நம் குடும்பத்தின் 10,500க்குள் அடங்குகிறது. வட்டி 9 சதத்தில் நின்றால் 9,130தான்; மிச்சம் மூச்சு விடுவதற்கு. ஆக இந்தக் குடும்பம் தாங்கும் கடன் 9 லட்சம். வங்கி தரத் தயாராக இருப்பது 20 லட்சம். இரண்டு மடங்குக்கும் மேல்!

"அப்படியானால் வீடே வேண்டாமா?"

இந்தக் கணக்கைக் காட்டினால் நம் தோழர்கள் கோபப்படுவார்கள். "வாடகை கொடுத்துக்கொண்டே சாக வேண்டுமா? விலை ஏறிக்கொண்டே போகிறதே? வங்கியே தருகிறேன் என்கிறது, நீங்கள் யார் தடுக்க?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விகள்தான்.

வங்கி தருகிறது என்பது நமக்குப் பாதுகாப்பு ஆகாது. வங்கியின் பாதுகாப்பு வீட்டுப் பத்திரத்தில் இருக்கிறது. தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் அது வாராக்கடன். 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி, 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்காமலே வங்கி வீட்டை எடுத்துக்கொள்ள நடவடிக்கை தொடங்கலாம். அது தன் பணத்தை எப்படியும் மீட்கும். தெருவில் நிற்பது நாம். அமெரிக்காவில் கட்ட முடியாதவர்களுக்கெல்லாம் வீட்டுக்கடனை அள்ளிக் கொடுத்தார்கள். 2008இல் அது வெடித்தது. பெரிய நிறுவனங்களில் பலவற்றை அரசு தூக்கி நிறுத்தியது. வீடிழந்த லட்சக்கணக்கான குடும்பங்களை அப்படி யார் தூக்கி நிறுத்தினார்கள்? இங்கிலாந்தில் 2014இல் அந்நாட்டு மத்திய வங்கி, ஆண்டு வருமானத்தைப் போல் நாலரை மடங்கும் அதற்கு மேலும் தரும் கடன்கள், ஒரு வங்கியின் புது வீட்டுக்கடன்களில் 15 சதத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பு கட்டியது. கடன் கொடுப்பவன் சொல்லும் அளவை அரசுகளே அப்படியே நம்புவதில்லை. நாம் ஏன் நம்ப வேண்டும்?

வீடு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும் என்கிறோம். 9 லட்சத்தில் இருந்து வீட்டை நோக்கி நடக்க வழிகள் இருக்கின்றன.

முதல் வழி ஒத்திகை. கடன் வாங்கும் முன் ஆறு மாதம், புதுத் தவணைக்கும் இப்போதைய வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனி வங்கிக் கணக்கில் மாதம் ஐந்தாம் தேதி போட்டு வாருங்கள். பூஜையும் வரும், பள்ளிக்கட்டணமும் வரும், ஊரில் ஒரு சாவும் வரும். ஆறு மாதமும் தவறாமல் போட முடிந்தால் உங்கள் கணக்கு சரி. இரண்டு மாதம் தவறினால், கடனைக் குறைக்க வேண்டும். போட்ட பணம் எங்கும் போகாது, கைப்பணத்துக்கு ஆகும். இதை அஞ்சலகத்திலோ வங்கியிலோ போடுங்கள். அதிக வட்டி என்று வாயில் தேன் தடவும் கம்பெனியில் போடாதீர்கள். 2013 ஏப்ரலில் சாரதா கவிழ்ந்தபோது, வங்காளத்து ஏழைகளின் எத்தனை வீடுகள் செங்கல் வைக்கும் முன்பே இடிந்தன என்பதை மறக்கலாமா?

இரண்டாவது, ரயில்வேயிலும் மற்ற மத்திய அரசு வேலையிலும் இருப்பவர்கள் வங்கிக்கு ஓடும் முன் வீடு கட்டும் முன்பணத்தைக் கேட்க வேண்டும். 2017 விதிப்படி அடிப்படைச் சம்பளத்தைப் போல் 34 மடங்கு, அதிகபட்சம் 25 லட்சம். வீட்டு விலை, திருப்பிக் கட்டும் சக்தி இவற்றில் எது குறைவோ அதற்கு உட்பட்டது. அடிப்படைச் சம்பளம் 35,400 என்றால் 12 லட்சத்து 3 ஆயிரத்து 600. வட்டிக்கு வட்டி கிடையாது. முதலில் 180 தவணைக்குள் அசல், பிறகு 60 தவணைக்குள் வட்டி. ஓய்வுக்குச் சில ஆண்டே இருந்தால் தவணை பெரிதாகும் அல்லது பணிக்கொடையில் பிடிப்பார்கள். அதையும் கணக்கில் வையுங்கள்.

மூன்றாவது, 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டம். ஆண்டு வருமானம் 9 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு, 35 லட்சம் வரையான வீட்டுக்கு வாங்கும் 25 லட்சம் வரையான கடனில், முதல் 8 லட்சத்துக்கு 4 சத வட்டி மானியம். மொத்தம் அதிகபட்சம் 1 லட்சத்து 80 ஆயிரம், ஐந்து ஆண்டுத் தவணையில் வரும். ஆனால் இந்தியாவில் எங்கும் குடும்பத்துக்குப் பக்கா வீடு இருக்கக்கூடாது. ஊரில் அப்பா கட்டிய வீடு உங்கள் பெயரில் இருந்தால், உங்களுக்கு இல்லை. இதை மறைத்து மனுப் போடாதீர்கள். மானியம் வரும் என்று நம்பிக் கடனைக் கூட்டவும் கூட்டாதீர்கள். வந்தால் அசலில் கழியட்டும்.

நான்காவது, இடத்தைக் கொஞ்சம் தள்ளிப் பார்ப்பது. நம் மக்கள் லேக் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில்தான் வேண்டும் என்கிறார்கள். தமிழ்ப்பேச்சும் வாழையிலையும் கிடைக்கும் இடம், ஆசை புரிகிறது. ஆனால் சோனார்பூரும் பாராசாத்தும் ஆந்துலும் லோக்கல் ரயில் ஓடும் ஊர்கள். நான்கு குடும்பம் சேர்ந்து போனால் அங்கேயும் தமிழ் பேசலாம். தனித்தனியாக விலை பேசுவதைவிடச் சேர்ந்து பேசினால் விலையும் இறங்கும்.

வாங்கிய பின்பும் ஒரு வழி திறந்திருக்கிறது. மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் தனிநபரிடம் வங்கி அபராதம் வாங்கக்கூடாது என்பது 2012 முதல் விதி. பூஜா போனஸில் பாதியை ஆண்டுதோறும் அசலில் கட்டுங்கள். தொடக்க ஆண்டுகளில் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் பின்னால் வரும் வட்டியை வெட்டும்.

வங்கி மறுத்தால் சந்தோஷப்படுங்கள்

சில பிளாட்டுகளுக்கு வங்கி கடன் தர மறுக்கும். உடனே, "வேறு கம்பெனியில் வாங்கித் தருகிறேன், வட்டி மட்டும் கொஞ்சம் அதிகம்" என்று ஓர் ஆள் வருவார். அங்கே நில்லுங்கள். வங்கியின் வக்கீல் ஏன் மறுத்தார்? அங்கீகாரம் பெற்ற வரைபடத்துக்கு மேல் ஒரு மாடி ஏறியிருக்கலாம். நிலம் டிக்கா நிலமாக இருக்கலாம். 1981 சட்டத்தால் அது மாநில அரசிடம் சேர்ந்துவிட்டது. விற்பவருக்கே உரிமை இல்லாமல் இருக்கலாம். 2024 மார்ச்சில் கார்டன் ரீச்சில் அனுமதியின்றி எழும்பிய ஐந்து மாடிக் கட்டடம் பக்கத்துக் குடிசைகள் மேல் சரிந்து பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அப்படிப்பட்ட கட்டடத்துக்கு வங்கி சொல்லும் "இல்லை" என்பது நமக்குக் கிடைக்கும் இலவச எச்சரிக்கை.

ரெரா சட்டம் இருக்கிறதே என்று நினைக்கலாம். மேற்கு வங்கம் 2017இல் தனியாகக் கொண்டுவந்த சட்டத்தை 2021 மே மாதம் உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. 2016ஆம் ஆண்டு மத்தியச் சட்டம்தான் இங்கும் செல்லும். ஆனால் நிலத்தின் அளவோ பிளாட்டின் எண்ணிக்கையோ குறிப்பிட்ட வரம்புக்கு மேற்படாமல் இருந்தால் பதிவு கட்டாயம் இல்லை. நம் மக்கள் வாங்குவது பெரும்பாலும் இந்தச் சின்னக் கட்டடங்களில்தான். ஆகவே வாங்கும் நாமே வரைபடத்தையும் பத்திரத்தையும் இரட்டிப்பாகச் சரிபார்க்க வேண்டும்.

நாம் கேட்பது

தனி மனிதர் கணக்கைத் திருத்திக்கொண்டால் மட்டும் போதாது. அமைப்பாகக் கேட்க வேண்டியவையும் உண்டு.

ஒன்று: 2024 அக்டோபர் முதல், கடன் தரும் நிறுவனம் வட்டி, கட்டணம், மொத்தச் செலவு எல்லாம் அடங்கிய முக்கிய விவரத் தாளைக் கடன்காரருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி ஆணை. கொல்கத்தாவில் வாழும் தமிழ்த் தாய்க்குப் புரியும் மொழி எது? தமிழ். அந்தத் தாளைத் தமிழில் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். ஒருவர் கேட்டால் சிரிப்பார்கள். ஐம்பது பேர் கேட்டால் அச்சடிப்பார்கள்.

இரண்டு: முத்திரைச் செலவைக் கடனில் சேர்ப்பதற்கு 2015இல் வைத்த 10 லட்சம் வரம்பு, இன்றைய நகர விலைக்குப் பொருந்தாது. அதை உயர்த்த வேண்டும். முதல் வீடு வாங்கும் உழைப்பாளிக்கு முத்திரைத் தீர்வையை மாநில அரசு குறைக்க வேண்டும். கையில் ரொக்கம் இல்லை என்பதற்காகக் கந்துவட்டிக்குத் தள்ளப்படும் நிலை அப்போதுதான் குறையும்.

மூன்று: மாவு அரைக்கிற, துணி தைக்கிற, வீட்டு வேலை செய்கிற பெண்களின் வருமானத்தை வங்கிக் கணக்கு வரவை வைத்தாவது ஏற்க வேண்டும். நம் பங்குக்கு, அந்தச் சகோதரிகள் இன்றே தங்கள் பெயரில் கணக்குத் தொடங்கி வரவை அதில் போட வேண்டும். வீட்டுப் பத்திரத்திலும் அவர்கள் பெயர் இருக்க வேண்டும். தவணையில் அவர்கள் உழைப்பு இருக்கும்போது பத்திரத்தில் அவர்கள் பெயர் ஏன் இருக்கக்கூடாது?

சங்கமும் தன் வேலையைச் செய்ய வேண்டும். வங்கிப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், சம்பளச் சீட்டையும் வீட்டுச் செலவுக் குறிப்பையும் எடுத்துக்கொண்டு கணவனும் மனைவியுமாக ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு வாருங்கள். கணக்குத் தெரிந்த இளைஞர்கள் உட்கார்ந்து போட்டுத் தரட்டும். ஒரு தாளில் வங்கி தரும் தொகை. இன்னொரு தாளில் குடும்பம் தாங்கும் தொகை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு முடிவெடுப்பது உங்கள் உரிமை.

ஏஜெண்டின் கணக்கு கடனின் உயரத்தைக் காட்டும். நம் கணக்கு, பதினைந்து வருஷம் இரண்டு அடுப்பும் அணையாமல் எரியுமா என்று பார்க்கும். அந்தக் கணக்கைப் போடாமல் எந்தத் தோழரும் பேனாவைத் திறக்க வேண்டாம்.